வாப்பா விட்டுச் சென்ற பட்டடை



ஒருவர் வஃபாத்தானபின் அவருடைய நிலத்துக்கும் நகைக்கும் விலை கேட்டறிய நாம் மறப்பதில்லை. பத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுத்தரிடம் போகிறோம்; நகையைத் தட்டாரிடம் காட்டி உரைத்துப் பார்க்கிறோம். ஆனால் அந்த மனிதர் ஆயுள் முழுவதும் எந்தக் கருவியைக் கொண்டு உழைத்து அந்த நிலத்தையும் நகையையும் வாங்கினாரோ, அந்தக் கருவியை மட்டும் விலை விசாரிக்காமலே வாசலுக்கு வெளியே அனுப்பிவிடுகிறோம். தையற்காரரின் இயந்திரம், தச்சரின் இழைப்புளி, கொல்லரின் பட்டடை ஆகிய யாவும் இப்படித்தான் போகின்றன.

அண்மையில் ஒரு சகோதரி எழுதிய கடிதம் இதைப் பற்றியதே. அவருடைய வாப்பா மாடுகளுக்கு லாடம் அடித்தும், வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டா மாட்டியும் குடும்பத்தைக் காப்பாற்றியவர். பட்டறை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வாப்பாவும் இல்லை. கொட்டகையின் மூலையில் ஒரு பெரிய பட்டடை கிடக்கிறது. நான்கு பேர் கூடினால்தான் அசைக்க முடியும். “காயலான் கடைக்குப் போட்டுவிடலாம், இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்” என்கிறார்கள் காக்காமார் இருவரும். “அதில் எனக்கும் உம்மாவுக்கும் பங்கு உண்டா? அதன் உண்மையான விலையை எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால், பழைய இரும்புக்காகப் பேராசைப்படுகிறாள் என்பார்களோ?” என்று வினவியிருக்கிறார். வாப்பாவின் பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டதையும் மறவாமல் குறிப்பிட்டுள்ளார்.

பங்கு கேட்பது பேராசையாகாது. மையித்தின் அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத மரண சாசனம் ஆகியவை போக எஞ்சுவது எதுவாயினும், அது வாரிசுகள் அனைவருக்கும் உரியது. சொத்து அற்பமானது என்பதற்காகப் பெண்ணின் பங்கு அழிந்துவிடாது. அன்னிஸா அத்தியாயம் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. மனைவி, இரு ஆண் மக்கள், ஒரு மகள் என்ற இந்தக் குடும்பத்தில் சொத்தை 40 பங்காக்கினால், மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய 5, மகன்களுக்குத் தலைக்கு 14, மகளுக்கு 7.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே. பட்டடையின் எடை 80 கிலோ. பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்றால் கிடைப்பது 2,400 ரூபாய். அதில் உம்மாவுக்கு 300, மகளுக்கு 420. அதே பட்டடை ஒரு தொழிலாளிக்குக் கருவியாக 16,000 ரூபாய் பெறுமானால் உம்மாவுக்கு 2,000, மகளுக்கு 2,800. விலை அறியாமல் விற்றால், அந்த வித்தியாசம் யாருடைய பையிலிருந்து போகிறது என்பதைக் கவனியுங்கள். இத்தாவிலிருக்கும் ஒரு விதவையின் பையிலிருந்தும் போகிறது. ஆகவே விற்பதற்கு முன் விலையறிவது ஓர் அமானிதத்தைப் பேணுவதாகும்.

பட்டடையின் உறுப்புகள்

ஊருக்கு ஊர் பட்டடை, அடைகல், பட்டறைக்கல் என்று இதற்குப் பெயர் மாறும். நம் கிராமக் கொல்லர்கள் பலர் மரக்கட்டையில் பதித்த சதுர இரும்புப் பாளத்தையே பயன்படுத்தினர். தண்டவாளத் துண்டை வைத்து வேலை செய்தோரும் உண்டு. அவற்றுக்கு உழைப்பில் குறைவில்லை. விற்பனையில் மட்டும் பெரும்பாலும் இரும்பின் விலையை ஒட்டியே நிற்கும்.

கொம்பு வைத்த பட்டடை வேறு வகை. ஒரு பக்கம் கூம்பிய கொம்பு. அதையடுத்துச் சற்றே தாழ்ந்த ஒரு படி. பிறகு நீண்ட, சமமான முகம். மறுகோடியில் குதிகால் போல் நீண்டிருக்கும் பகுதி. நடுவில் ஒடுங்கிய இடை. கீழே விரிந்த பாதங்கள். இது இங்கிலாந்தில் உருவான வடிவம்; லண்டன் மாதிரி என்பார்கள். குதிகால் பக்கம் முகத்தில் ஒரு சதுரத் துளையும் ஒரு வட்டத் துளையும் இருக்கும். சதுரத் துளையில் உளி போன்ற துணைக் கருவிகளைச் செருகுவர். வட்டத் துளை, லாடத்தில் ஆணித் துளையிடும்போது துளையாணி கீழிறங்க இடம் தருவது. லாடக்காரர் வீட்டில் இத்தகைய பட்டடை இருப்பதில் வியப்பில்லை.

கொம்பு கூம்பா, தட்டையா, படி இருக்கிறதா, துளைகள் எத்தனை, முகத்தின் நீளம், அகலம், மொத்த உயரம் எவ்வளவு என்று ஒரு தாளில் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வாங்க வருபவர் கேட்கும் முதற்கேள்விகள் இவையே.

துருவுக்கு அடியில் இருக்கும் எழுத்து

பிறகு பெயரைத் தேட வேண்டும். பக்கவாட்டில், இடைக்கு மேலும் இடையிலும் எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கலாம். கொம்புக்குக் கீழேயுள்ள முன்பாதத்திலும் எண்கள் இருக்கக்கூடும். கம்பி பிரஷ்ஷால் துருவை மெதுவாகத் தேய்த்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்தபின் சாக்குக் கட்டியைப் படுக்கவைத்து உரசுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பாய்ச்சினால், பகலில் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். அந்த நிலையிலேயே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

என்ன பெயர்கள் வரலாம்? இங்கிலாந்தின் டட்லி நகரத்து பீட்டர் ரைட் பெயர் புகழ்பெற்றது. வட்டத்துக்குள் ‘சாலிட் ராட்’ என்ற ஆங்கிலச் சொற்களும் அதில் காணப்படும். முழுவதும் அடித்துச் செய்த தேனிரும்பு என்பது அதன் பொருள். ஷெஃபீல்டு அருகே ரிவெலின் ஆற்றங்கரையில் இயங்கிய மவுஸ்ஹோல் பட்டறையின் பட்டடைகள் சிலவற்றில் எலியின் உருவமே பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் புரூக்ளினின் ஹே-பட்டன், ஓஹியோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் செய்யப்பட்ட டிரென்டன் ஆகியவை தரத்தில் மதிக்கப்படுபவை. இவ்விரண்டிலும் வரிசை எண் முன்பாதத்தில் இருக்கும். அதைக் கொண்டு செய்த ஆண்டை ஏறத்தாழ அறியலாம். சுவீடனின் சோடர்ஃபோர்ஸ், கோல்ஸ்வா என்பவை வார்ப்பெஃகுப் பட்டடைகள். இவற்றின் வரலாற்றைத் திரட்டி ரிச்சர்டு போஸ்ட்மன் என்பார் 1998-இல் ‘ஆன்வில்ஸ் இன் அமெரிக்கா’ என்ற நூலை வெளியிட்டார். சேகரிப்பாளர்கள் இன்றும் அதையே புரட்டிப் பார்க்கிறார்கள்.

காலத்தை அறிய இன்னொரு குறிப்பும் உண்டு. அயல்நாட்டிலிருந்து வரும் பொருளில் அது உண்டான நாட்டின் பெயர் இருக்க வேண்டுமென்று அமெரிக்கா 1890-இல் சுங்கச் சட்டம் இயற்றியது. ஆகவே ‘இங்கிலாந்து’ என்ற சொல் பொறிக்கப்பட்ட பட்டடை பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. அந்தச் சொல் இல்லையென்பதால் மட்டும் அது பழையதென்று முடிவு கட்டலாகாது. அமெரிக்காவுக்குப் போகாத பட்டடைக்கு அந்தச் சட்டம் பொருந்தாதல்லவா?

மூன்று எண்களின் கணக்கு

சகோதரி தம் கடிதத்தில் ஒரு செய்தியைச் சேர்த்திருந்தார்: “பக்கத்தில் 1, 2, 10 என்று மூன்று எண்கள் இடைவெளி விட்டுத் தெரிகின்றன, வேறெதுவும் தெரியவில்லை.” பலர் இதைத் தேதி என்றும், மாதிரி எண் என்றும் எண்ணிக்கொள்வார்கள். அது எடை.

ஆங்கிலேயர் பழைய முறைப்படி எடையை ஹண்ட்ரட்வெயிட் என்ற அளவில் பொறித்தனர். முதல் எண் ஒவ்வொன்றும் 112 பவுண்டு. நடு எண் அதில் கால் பங்கு, அதாவது ஒவ்வொன்றும் 28 பவுண்டு. கடைசி எண் மிச்சப் பவுண்டு. ஆகவே 1, 2, 10 என்றால் 112-உம், 56-உம், 10-உம் சேர்ந்து 178 பவுண்டு. ஒரு பவுண்டு 0.4536 கிலோ, எனவே ஏறக்குறைய 81 கிலோ. நடு எண் 3-ஐத் தாண்டாது; கடைசி எண் 27-ஐத் தாண்டாது. தாண்டினால் அது இந்தக் கணக்கு அன்று என்று உணரலாம். அமெரிக்கப் பட்டடைகளில் பெரும்பாலும் பவுண்டு நேராகவே இருக்கும். ஐரோப்பாவின் பிற நாடுகளில் கிலோவும் உண்டு.

இந்தக் கணக்கில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பெயர் அழிந்துபோனாலும், இப்படி மூன்று எண்கள் இருந்தால் அது ஆங்கிலேய முறையில் எடையிட்ட பட்டடை என்பதற்கு அது வலுவான அடையாளம். சாதாரண வார்ப்பு இரும்புக் கட்டிக்கு யாரும் இவ்வளவு சிரமம் எடுத்து எண் பொறிப்பதில்லை. எண்ணே இல்லையென்றால் மின்தராசில் வைத்து எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண் இருந்தாலும் ஒருமுறை எடை போடுவது நல்லது. பெரிய வித்தியாசம் வந்தால் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறோம், அல்லது ஒரு பகுதி உடைந்து போயிருக்கிறது.

ஒலியும் துள்ளலும்

பெயரைவிட முக்கியமானது பட்டடையின் முகம். நல்ல பழைய பட்டடையின் உடல் தேனிரும்பால் ஆனது. முகத்தில் மட்டும் கடினப் பதமேற்றிய எஃகுத் தகட்டை உலையில் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். பிற்காலத்தில் மேற்பாதி முழுவதையும் எஃகாகவே செய்தவர்களும் உண்டு. சுத்தியல் விழும்போது அந்த எஃகு முகம் சுத்தியலை மேலே எறிகிறது. கொல்லரின் தோளுக்குக் கிடைக்கும் உதவி அது. எஃகு முகம் இல்லாத வெறும் வார்ப்பிரும்புப் பட்டடை அடியை விழுங்கிவிடும். வடிவத்தில் இரண்டும் ஒன்றுபோலிருக்கும். பயனில் பெரும் வேறுபாடு.

இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மோட்டார் மெக்கானிக் கடையில் ஓர் அங்குலப் பருமனுள்ள பேரிங் குண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முகத்தைத் துடைத்துச் சுத்தமாக்கி, ஓர் அளவுகோலை நிமிர்த்திப் பிடித்து, 10 அங்குல உயரத்திலிருந்து குண்டை விழவிடுங்கள், தள்ள வேண்டாம். அது 8 அங்குலமோ அதற்கு மேலோ துள்ளினால் முகம் நல்ல நிலையில் இருக்கிறது. 6 அல்லது 7 என்றால் வேலைக்கு ஆகும். 5-க்குக் கீழே சோர்ந்து விழுந்தால், எஃகு முகம் இல்லை, அல்லது தீ விபத்து போன்ற ஏதோ ஒன்றில் சூடேறிப் பதம் போய்விட்டது என்று ஐயுற வேண்டும். ஓரிடத்தில் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பத்திடங்களில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். துளைகள் இருக்கும் குதிகால் பக்கம் துள்ளல் சற்றுக் குறைவது இயல்பு. ஆனால் முகத்தின் நடுவே ஓரிடத்தில் மட்டும் திடீரெனக் குறைந்தால், அங்கே தகடு உடலைவிட்டுப் பிரிந்திருக்கலாம்.

அடுத்தது ஒலி. சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால், தேனிரும்பும் எஃகும் மணிபோல் ஒலிக்கும். விரிசல் இருந்தால் உடைந்த பானையைப் போல் கரகரக்கும். ஆயினும் ஒலியை மட்டும் நம்பித் தீர்ப்பளிக்கலாகாது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஃபிஷர் என்ற நிறுவனம் வார்ப்பிரும்பு உடலில் எஃகு முகத்தைச் சேர்த்து வார்க்கும் முறைக்கு 1847-இல் காப்புரிமை பெற்றது. பக்கத்தில் கழுகுச் சின்னம் தாங்கிய அந்தப் பட்டடைகள் ஒலிப்பதே இல்லை. ஆனால் துள்ளலில் அவை சிறந்தவை. ஒலிக்காததை மட்டமானதென்று ஒதுக்கியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். மணலில் புதைந்த பட்டடையும், மரத்தோடு இறுக்கக் கட்டிய பட்டடையும்கூட ஊமையாகவே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை: கடினமான முகத்தின் விளிம்பில் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள். எஃகுச் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். 80 கிலோ கட்டி சாய்ந்தால் கால் நசுங்கும். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, பலமுள்ளோர் இருவர் மூவர் நின்று புரட்டுங்கள்.

அழகுபடுத்தி அழிக்க வேண்டாம்

விற்கும் பொருளைப் பளபளப்பாக்கினால் கூடுதல் விலை கிடைக்கும் என்று நாம் நினைக்கிறோம். பட்டடையைப் பொறுத்தவரை இது பெருந்தவறு. கிரைண்டர் போட்டு முகத்தை வழவழப்பாக்கினால், அரை அங்குலமோ ஏறத்தாழ அவ்வளவோ கனமுள்ள எஃகுத் தகடுதான் தேய்கிறது. தலைமுறை தலைமுறையாக உழைப்பு தேய்க்காததை அரைமணி நேரத்தில் நாம் தேய்த்துவிடுவோம். விளிம்பில் உதிர்ந்த இடங்களை வெல்டிங் வைத்து நிரப்புவதும், முறையறியாதவர் கையில் பதத்தைக் கெடுத்துப் புதிய விரிசலை உண்டாக்கும். துருவைப் போக்கத் தீயில் இடுவது எல்லாவற்றிலும் கொடியது. பட்டடையின் உயிரே போய்விடும். கனமாகச் சாயம் பூசினால், எதையோ மறைக்கிறார்கள் என்று வாங்குபவர் ஐயப்படுவார். பெயரும் எண்ணும் சாயத்தில் மூழ்கும்.

துருவைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும்.

விலை காணும் முறை

இப்போது கையில் வடிவம், பெயர், எடை, துள்ளல், குறைகள் ஆகிய ஐந்து விவரங்கள் இருக்கின்றன. விலை இவற்றிலிருந்து பிறக்கிறது.

முதலில் அடிவிலையை அறியுங்கள். அன்றைய பழைய இரும்பு விலையை எடையால் பெருக்கினால் வருவது அது. அதற்குக் கீழே விற்க எந்தக் காரணமும் இல்லை. பிறகு மேல்விலையை அறியுங்கள். இதே எடையுள்ள எஃகுப் பட்டடையைப் புதிதாக வாங்க என்ன ஆகும் என்று இரும்புக் கருவிகள் விற்கும் பெரிய கடைகளில் கேளுங்கள். வெறும் வார்ப்பிரும்புப் பட்டடையின் விலையைச் சொல்லிவிடப் போகிறார்கள். எஃகா என்று அழுத்திக் கேளுங்கள். உங்கள் பட்டடையின் விலை பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவில் அமையும்.

நடுவில் எங்கே என்பதைக் குணமும் குறையும் தீர்மானிக்கும். முகம் சமமாகவும் துள்ளல் நன்றாகவும் இருந்தால் மேலே ஏறும். கொம்பு முறிந்தும், குதிகால் உடைந்தும், தகடு பிரிந்தும் இருந்தால் வெகுவாக இறங்கும். விளிம்பில் அங்கங்கே உதிர்ந்திருப்பதற்கு அஞ்ச வேண்டாம். கொல்லர்களே விளிம்பைச் சற்று மழுக்கி வைத்துக்கொள்வதுண்டு. முகம் நடுவில் இலேசாகக் குழிந்திருப்பதும் வேலைக்குத் தடையன்று. புகழ்பெற்ற பெயர் தெளிவாக இருந்தால் சேகரிப்பாளரிடம் மதிப்பு கூடும். தொழிலாளிக்கோ பெயரைவிட முகமே முக்கியம்.

அயல்நாட்டு விலைகளைக் கேட்டு மயங்கவும் கூடாது. மேலை நாடுகளில் பொழுதுபோக்காகக் கொல்வேலை பழகுவோர் பெருகியிருக்கிறார்கள். வட அமெரிக்கக் கலைக்கொல்லர் சங்கம் 1973-லேயே தோன்றிவிட்டது. அங்கே பழைய பட்டடையைப் பவுண்டுக்கு இவ்வளவு டாலர் என்று எடை போட்டு வாங்குகிறார்கள். ஆனால் அந்த விலை அந்த ஊர் வாசலில் கிடைக்கும் விலை. 80 கிலோ இரும்பைக் கப்பலேற்றும் செலவு யார் தலையில்? அதோடு, 100 ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள்களும் நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வரக்கூடும். அத்தகையவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புவதாக யாரேனும் ஆசை காட்டினால், தொல்லியல் துறையினரிடம் கேட்காமல் இசையாதீர்கள். இணையத்தில் விலை தேடுவோரும், விற்பவர் கேட்கும் விலையைப் பாராமல், விற்று முடிந்த விலையையே பார்க்க வேண்டும். கேட்பதற்கு எல்லையேது?

விலை சொல்லத் தகுந்தவர் யார்? வாப்பாவோடு தொழில் செய்த ஆசாரியார் ஒருவர் பக்கத்து ஊரில் இருப்பார். அவரை மரியாதையாக அழைத்துக் காட்டுங்கள். அவருடைய கைச்சுத்தியல் நான்கு முறை விழுந்தால் போதும். நாம் பேரிங் குண்டால் கண்டதை அவர் காதால் கண்டுகொள்வார். கத்தி, அரிவாள் செய்யும் பட்டறைக்காரர் ஒருவரிடமும், கருவி வியாபாரி ஒருவரிடமும் கேளுங்கள். மூன்று பேர் தனித்தனியே சொன்ன விலையைத் தேதியோடு எழுதி, வாரிசுகள் அனைவரும் பார்க்கும்படி வையுங்கள். விலை சொல்பவரே வாங்கவும் விரும்பினால், அவர் சொல் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

விலை முடிவானபின் விற்றுத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. காக்காமாரில் ஒருவர் வாப்பாவின் நினைவாக வைத்துக்கொள்ள விரும்பலாம். பேரன் ஒருவன் தொழில் கற்க விரும்பலாம். அந்த விலைக்குத் தம் பங்கைக் கழித்துக்கொண்டு, மற்றவர்களுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். பட்டடையை நான்காக உடைக்க முடியாது. அதன் விலையைப் பங்கிட முடியும். உம்மாவும் தங்கையும் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவர்களுடைய பெருந்தன்மை. ஆனால் விலை இன்னதென்று தெரிந்தபின் விட்டுக்கொடுப்பதுதான் விட்டுக்கொடுப்பு. தெரியாதவரிடம் பெற்ற சம்மதம் சம்மதமாகுமா என்பதைக் காக்காமார் சிந்திக்க வேண்டும்.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும்

விற்பவர் குறையை மறைக்கக் கூடாது. தானியக் குவியலுக்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்ததையும், அந்த ஈரத்தை மேலே தெரியும்படி வைத்திருக்க வேண்டாமா என்று கடிந்துகொண்டதையும் நாம் அறிவோம். பட்டடையில் ஈரமான தானியம் எது? சாயத்துக்கு அடியிலுள்ள விரிசல். மக்கு வைத்து அடைத்த உடைப்பு. துள்ளல் குறைந்த இடம். ஆசாரியார் சொன்ன குறைகளை வாங்க வருபவரிடம் நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். விலையில் சிறிது குறையலாம், பரக்கத்தில் குறையாது.

இனி வாங்குபவர்கள். இந்த இதழ் செல்லும் வீடுகளில் பழைய இரும்பு வணிகம் செய்வோர் பலர் உண்டு. காயலான் கடை என்ற சொல்லே நம் காயல்பட்டினத்தாரின் வணிகத்தால் வந்தது என்று சொல்வார்கள். அவர்களிடம் உரிமையோடு ஒரு சொல். உங்கள் தராசுக்கு வரும் பட்டடையில் மூன்று எண்களைக் கண்டால் அதன் பொருள் உங்களுக்குத் தெரியும். கொண்டுவந்த பிள்ளைக்குத் தெரியாது. சரக்கோடு வரும் வெளியூர் வணிகர்களை, அவர்கள் சந்தை விலை அறியுமுன்பே வழிமறித்து வாங்குவதை அண்ணலார் (ஸல்) தடுத்தார்கள். விலை தெரியாமையை முதலாக்கிச் சம்பாதிப்பதையல்லவா அந்தத் தடை சுட்டுகிறது?

ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களின் வரலாறு ஒன்றை இமாம் தபரானீ பதிவு செய்துள்ளார். அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்குப் பேசி முடிக்கப்பட்டது. குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், அதன் உரிமையாளரிடம், இது 300-க்கு மேல் பெறுமே என்று சொல்லி, 400 என்றார்கள், பின்னும் ஏற்றினார்கள், கடைசியில் 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். விற்பவர் விலையைக் குறைத்துச் சொல்ல, வாங்குபவர் ஏற்றிக்கொண்டே போன வியாபாரம் அது! ஏன் அப்படிச் செய்தார்கள்? முஸ்லிம்கள் ஒவ்வொருவருக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் வாக்களித்திருந்தார்கள். அந்த வாக்கு குதிரைச் சந்தையிலும் செல்லுபடியாகும் என்பதே அவர்கள் கொண்ட கருத்து. எல்லாராலும் 300-ஐ 800 ஆக்க முடியாது. “தம்பி, இதை இரும்பு விலைக்குப் போடாதே, ஒரு பட்டறைக்காரரிடம் காட்டிவிட்டு வா” என்று சொல்ல எல்லாராலும் முடியும். கொண்டுவந்தவர் எந்த மதத்தவராயினும் இந்த நேர்மையில் வேறுபாடு கிடையாது.

கொல்லரின் உழைப்பை இழிவாக எண்ணுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு இளகிக் கொடுக்கப்பட்டது. கப்பாப் இப்னுல் அரத் (ரலி) அவர்கள் மக்காவில் கொல்லராக இருந்து வாள் செய்தவர்கள். நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் வளர்ந்த வீடு, புகை சூழ்ந்த ஒரு கொல்லரின் வீடுதான். அந்தத் தொழிலின் கருவியைக் குப்பையென்று தள்ளுமுன் இவற்றையும் சற்று நினைத்துப் பார்ப்போம்.

சகோதரிக்கு நான் சொல்வது இதுதான். காக்காமாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். விலை சொல்லத் தெரிந்தவரை அழைத்து வரும்வரை பட்டடை கொட்டகையிலேயே இருக்கட்டும் என்று மட்டும் கேளுங்கள். இத்தனை ஆண்டுகள் கிடந்த இரும்பு இன்னும் இரண்டு வாரம் கிடப்பதால் எவருக்கும் நட்டமில்லை. உம்மாவின் இத்தா முடியட்டும்; கடன்கள் ஏதேனும் உண்டா என்று விசாரித்துக் கொடுத்து முடியுங்கள். பிறகு குடும்பத்தார் யாவரும் உட்கார்ந்து, எழுதி வைத்த மூன்று விலைகளையும் பார்த்து முடிவெடுங்கள்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் உழைத்து ஓய்ந்த கருவி ஏதேனும் இருக்கலாம். அதன் உரிமையாளர் ஹயாத்தோடு இருக்கும்போதே, இதன் பெயர் என்ன, எங்கே வாங்கியது, இன்று என்ன பெறும், யாரிடம் கேட்டால் சரியான விலை சொல்வார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் தம் தொழிலைப் பற்றிக் கேட்பதைவிட ஒரு தகப்பனுக்கு மகிழ்ச்சி தருவது குறைவு. பின்னாளில் வாரிசுகளுக்கிடையே மனக்கசப்பு வராமல் காப்பதும் அந்த ஒரு தாளாகவே இருக்கக்கூடும். வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி வைப்பானாக, ஆமீன்.